கொடி அசைப்பதற்கு முன்

அன்புள்ள கண்ணா,

வியாழக்கிழமை மாலை வரை உறுதியானது இவ்வளவுதான். போன சனிக்கிழமை ஆட்டத்தின் முடிவு மாறாது. இதை மெல்பர்னில் உங்கள் மாநிலக் கால்பந்து லீக் தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. நானே திறந்து படித்தேன். இந்த வாரம் உன்னை எந்த ஆட்டத்துக்கும் நடுவராகப் போடவில்லை. நீ எழுதிக் கொடுத்த விளக்கத்தை வைத்துக்கொண்டு நடுவர் தேர்வுக் குழு திங்கட்கிழமை கூடுகிறது. இந்த இரண்டையும் சொன்னது ரேஷ்மா, தொலைபேசியில். உன் மனைவி சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றில் ஒன்றுகூட உன் வாயிலிருந்து வரவில்லை. ஞாயிறு முதல் நீ என் அழைப்பை எடுக்கவில்லை. "ஆள் ஒண்ணும் மிண்டறதில்லை அம்மே. ஆபீஸ் போறான், வர்றான், ஊணு கழிக்கறான், அவ்வளவுதான்" என்றாள் ரேஷ்மா. பேசாவிட்டாலும் சாப்பிடுகிறாய் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நாற்பது வருஷம் செய்தி எழுதியவள் நான். உறுதியானதை முதலில் எழுதி, மற்றதை வரிசையாகப் பின்னால் வைப்பதுதான் எனக்குப் பழக்கம். மகனுக்கு எழுதும்போதும் அது விடவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் போனில் பேசியதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இதில் உனக்குத் தெரிந்த சங்கதி நிறைய இருக்கும். நானும் தெரிந்துகொண்டேன் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே கழக்கூட்டத்துக் கம்பெனி வேலையை விட்டு நீ மெல்பர்ன் போன முதல் குளிர்காலத்தில் ஒரு போட்டோ அனுப்பினாய். வெள்ளைக் கோட்டு, கையில் இரண்டு வெள்ளைக் கொடிகள், பின்னால் நான்கு கம்பங்கள். கூட வேலை பார்ப்பவரின் பேட்டையில் அந்த நாட்டுக் கால்பந்து ஆடும் அணிக்கு அன்றைக்குக் கோல் நடுவர் இல்லை, நிற்கச் சொன்னார்கள், நின்றேன் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் பார்த்தார். "எம்.டெக் படிச்சுட்டு கொடி ஆட்டறானா? இதுக்கு இங்கேயே ரயில்வேல சேர்ந்திருந்தா பென்ஷனாவது வந்திருக்கும்" என்றார். ஆனால் அன்று ராத்திரி அவர்தான் உன்னைக் கூப்பிட்டு, "எதுக்குடா ரெண்டு கொடி, ஒண்ணு போறாதா?" என்று கேட்டார். நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே, யார் கையிலும் படாமல், ஆட்டக்காரன் காலிலிருந்து நேராகப் பந்து போனால் அது கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடி. யாராவது தொட்டுவிட்டாலோ, கம்பத்தில் பட்டாலோ, பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனாலோ ஒரு புள்ளிதான், ஒரு கொடி. இப்படி நீ சொன்னாய். மறுநாள் காலையில் கரமனைத் தெருவே பார்க்க, நம் வாசலில் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு மாறி மாறி ஆட்டினார். எதிர்வீட்டு மாமி, "எந்தா மாமா, கொசு விரட்டறேளா?" என்று கேட்டாள். "இல்லை மாமி. ஆறு பாயிண்ட்" என்றார் உன் அப்பா. அந்த மாமி இன்றைக்கும் உன்னைப் பற்றி விசாரிக்கும்போது "ஆறு பாயிண்ட் சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறாள்.

நீ பேட்டை மைதானத்திலிருந்து மாநில லீகுக்குப் போனாய். அடுத்த வருஷம் தேசியப் போட்டிக்கு எடுக்கப்படலாம் என்று பேச்சு வந்தபோதுதான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். எந்த இடத்துக்கு நீ போகப் போகிறாய், அங்கே யார் விழுந்திருக்கிறார்கள், யார் நின்றிருக்கிறார்கள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா இருக்க வேண்டாம் என்று 1859இல் அந்த ஊரில் விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதை நீள்சதுர மைதானத்தில் ஆடாமல் கிரிக்கெட்டின் வட்டத்தில் ஆடுகிறார்கள். பழைய சங்கம் ஒன்றிலிருந்து எட்டு கிளப்புகள் பிரிந்து வந்து, 1897இல் தங்களுக்குள் ஒரு லீக் நடத்தத் தொடங்கின. வெகுகாலம் அது பெரும்பாலும் ஒரே நகரத்துப் பேட்டைகளின் சண்டைதான். பிறகு பணம் போதவில்லை. 1982இல் ஒரு பேட்டை அணி தன் பெயரையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு சிட்னிக்கே குடிபோனது. தொலைவில் உள்ள நகரங்களில் புது அணிகள் வந்தன. 1990இல் லீகின் பெயரிலிருந்து மாநிலத்தை எடுத்துவிட்டு நாட்டை வைத்தார்கள். முதல் எட்டில் ஒன்றான ஒரு சின்னப் பேட்டையின் கிளப் 1996ஆம் வருஷப் பருவத்தோடு, வடக்கே வெகுதூரத்தில் உள்ள வேறொரு அணியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அந்தப் பேட்டைக்காரர்கள் மறு சனிக்கிழமை எங்கே போய் நின்றிருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது பதினெட்டு அணிகள். பத்தொன்பதாவதாக தெற்கே உள்ள தீவு மாநிலத்துக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றைப் படித்தபோது எனக்குப் பிடித்தது. அங்கே எந்த அணியும் கீழே தள்ளப்படுவதில்லை. மற்ற நாட்டுக் கால்பந்தில் கடைசியில் வருகிற அணியை அடுத்த வருஷம் கீழ்த்தட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. கடைசியில் வந்த அணிக்குத்தான் பருவம் முடிந்ததும் புதுப் பிள்ளைகளில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நம் ஊரில் அரசு வேலைக்கு ரேங்க் லிஸ்ட் போடுவதுபோல் அங்கேயும் ஒரு வரிசை. ஆனால் யாருக்கு அதிகம் குறைகிறதோ அவர்கள் முதலில் எடுக்கலாம். சம்பளத்துக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு, பணக்கார கிளப் எல்லோரையும் வளைத்துப் போட முடியாது. தோற்றவனைத் தூக்கிவிடுகிற ஏற்பாடு என்று உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இதெல்லாம் ஆடறவனுக்கு. உன் பிள்ளை ஆடலையே. கொடிக்காரனுக்கு என்ன ஏற்பாடு?" என்றார். தேடிப் பார்த்தேன். நடுவர்களை வாராவாரம் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வாரம் சரியில்லை என்றால் அடுத்த வாரம் பெயர் இருக்காது, மாநில லீகுக்குத் திரும்ப அனுப்பலாம். அந்தக் கட்டமைப்பு முழுவதிலும் கீழே விழக்கூடியவர்கள் நடுவர்கள் மட்டும்தான். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சில வருஷங்களுக்கு முன் தேசியப் போட்டியிலேயே, பந்து கம்பத்தில் பட்டது என்று ஒரு கோலை மறுத்திருக்கிறார்கள். படவில்லை என்று மறுநாள் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. முடிவு மட்டும் மாறவில்லை. அன்று கோல் கோட்டில் நின்றவருக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருந்திருப்பாள் என்று நினைத்தேன். அதோடு கணினியை மூடிவிட்டேன்.

இனி சனிக்கிழமை. ரேஷ்மா சொன்னதையும், நீ ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொன்ன கொஞ்சத்தையும் சேர்த்து எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. கடைசிக் கால்பகுதி முடிய அதிக நேரம் இல்லை. ஒருவன் தூரத்திலிருந்து உதைக்கிறான், கோட்டின் மேல் நாலைந்து பேர் எம்புகிறார்கள், பந்து அவர்களுக்கு மேலே போகிறது. பின்னால் நின்றவனின் விரல் நுனி பந்தில் பட்டதை நீ பார்த்தாய். விரல் பின்னால் மடங்கியதைப் பார்த்தேன் என்று நீ சொன்னாய். ஒரு புள்ளி, ஒரு கொடி. அதற்குள் களநடுவர் ஓடி வந்துவிட்டார். உன்னைவிட இருபது வயது மூத்தவர். பேட்டை மைதானத்தில் உன்னைப் பார்த்து மேலே கொண்டுவந்தவர் அவர்தான். ஓடிவந்த வேகத்தில், "கோல்தானே, சுத்தம்தானே?" என்று கேட்டார். கேள்வியாக இல்லை, முடிவாகவே கேட்டார் என்றாய். சுற்றிலும் இரண்டு அணிக்காரர்கள், பின்னால் சத்தம் போடுகிற கூட்டம். அந்தத் தட்டில் படம்பிடித்துத் திரும்பிப் பார்க்கும் வசதி கிடையாது. நீ சரி என்றாய். இரண்டு கொடிகளை எடுத்து வீசினாய். எதிர்க்கோடியில் நிற்கிற கோல் நடுவர் தன் இரண்டு கொடிகளை வீசிப் பதில் சொன்னார். இரண்டு பேரும் உங்கள் உங்கள் அட்டையில் எழுதிக்கொண்டீர்கள். உதைத்தவனின் அணி நான்கு புள்ளியில் ஜெயித்தது. நீ ஒரு கொடி காட்டியிருந்தால் ஒரு புள்ளியில் தோற்றிருக்கும். ஆட்டம் முடிந்து, உடை மாற்றும் அறையில், எல்லோரும் போன பிறகு அவரிடம் தனியாகச் சொன்னாய். அவர் முகம் வெளிறிப்போய், "ஏன் அங்கேயே சொல்லவில்லை?" என்று கேட்டார். அன்று ராத்திரியே உட்கார்ந்து, நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டாய்.

அவர் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. நீ முதல் வருஷம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய். மதுரையில் அத்தை பெண்ணின் கல்யாணம். டிக்கெட் எடுத்தது உன் பெரியப்பா. புறப்பாடு, ஆட்டோ, கட்டுச்சாதம் எல்லாம் அவர் பொறுப்பு. கூடத்தில் பதினோரு பேர் பெட்டிகளோடு நிற்க, "எல்லாரும் நேரா தம்பானூர் ஸ்டேஷன்" என்று அவர் அறிவித்தார். நீ டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இந்த வண்டி கொச்சுவேளியிலேர்ந்துன்னா..." என்று ஆரம்பித்தாய். நான் உன் கையை அழுத்தினேன். "பெரியவா பேசறச்சே குறுக்கே பேசாதே. அப்புறம் தனியாச் சொல்லு." நீ டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாய். தம்பானூர் பிளாட்பாரத்தில் நான் காபி வாங்கப் போனபோது பின்னாலேயே வந்து, "அம்மா, இப்போ தனியாச் சொல்லலாமா?" என்று கேட்டாய். அதற்குள் வண்டி ஊரின் இன்னொரு ஸ்டேஷனான கொச்சுவேளியை விட்டு, தம்பானூர் பக்கமே வராமல், கிளம்பியிருந்தது. பதினோரு பேரும் நாகர்கோவில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம், அங்கிருந்து இன்னொரு பஸ். முகூர்த்தம் முடிந்து இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. "ரயில்வேகாரன் சொல்லாம கொள்ளாம மாத்திட்டான்" என்றார் பெரியப்பா. எல்லோரும் ஆமாம் என்றார்கள், நானும் சொன்னேன். நீ பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாய். அது வேடிக்கைக் கதையாகவே நம் வீட்டில் தங்கிவிட்டது.

நம் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். யாரும் பொய் சொல்லச் சொல்வதில்லை. உண்மையைச் சொல்லலாம், நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாம், பெரியவர் முகம் வாடாமல் பிறகு சொல்லலாம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், உன்னையும் அப்படியே வளர்த்தேன். ஆனால் வீட்டுப் படியைத் தாண்டினால் நான் வேறு ஆள். செக்ரட்டேரியட்டில் மந்திரி பேட்டி கொடுக்கும்போது, அவர் சொன்ன கணக்கு தப்பு என்று எல்லா நிருபர்கள் முன்னாலும் எழுந்து கேட்டிருக்கிறேன். பிறகு தனியாகக் கேட்டால் பதில் அச்சில் ஏறாது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ரயில் எங்கிருந்து புறப்படும் என்று பெரியப்பா சொன்னால் தலையாட்டுவேன். என்னிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. உனக்கு வீட்டுச் சட்டத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். கோலுக்குப் பிறகு மைதானத்தின் நடுவில் பந்தை மறுபடி ஆட்டத்துக்கு விட்டுவிட்டால் எழுதிய புள்ளியை யாரும் மாற்ற முடியாதாமே. அப்படிப்பட்ட இடத்தில் அது எதற்கும் உதவாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. நீ நடந்ததைச் சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய். நான் என்ன கேட்டேன்? "யாரும் கேக்காம நீயா எதுக்குடா எழுதினே? அவரே பார்க்கலைங்கறே. வீடியோவிலும் இல்லைங்கறே. அடுத்த வருஷம் மேலே போற நேரத்துல." நான் கேட்ட கேள்விகள் இவைதான், ஒன்றையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அதற்கு நீ, "அம்மா, ட்ரெயின் போனப்புறம்தான் சொன்னேன். அதுவும் வேண்டாங்கறயா?" என்றாய். போனை வைத்துவிட்டாய். கோபம் இல்லாமல் சொன்னாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரெல்லாம் உண்மையை எழுதச் சொல்லி வாதாடியவள், சொந்தப் பிள்ளை எழுதியதும் பயந்துவிட்டேன். பயத்துக்குக் காரணம் சொல்ல முடியும். நீ அயலூரில் இருக்கிறாய், உன் பெயரை அங்கே பாதிப் பேருக்குச் சொல்லவே வராது, தப்புச் செய்தவன் யார் என்று கேட்டால் முதலில் உன் முகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். காரணம் இருப்பதால் நான் கேட்டது சரியாகிவிடாது.

அன்று முதல் நான் படிக்கக்கூடாததைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுதிக் கொடுத்தது லீக் அறிவிப்பில் வந்ததைப் பார்த்து, அந்தத் தோற்ற கிளப்பின் ரசிகர்கள் இணையத்தில் எழுதுவதை. சிலர் நியாயமாகக் கேட்கிறார்கள், சிலர் உன்னை விமானத்தில் ஏற்றி அனுப்பச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும், தானாக முன்வந்து சொல்கிற நடுவரை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். அவர் தோற்ற அணிக்காரர்தான். அந்த வரியை உன் அப்பாவிடம் காட்டப் போனால், அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் அவரும் படிக்கிறார். "அவன் செஞ்சது சரிதான், கேட்டியா. நாழிதான் தப்பிப்போச்சு" என்றார். "உங்க அண்ணாதான் காரணம்" என்றேன். "அண்ணா பாவம், டிக்கெட்டைத் தலைகீழாப் படிச்சார். கையை அழுத்தினது யாரு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே ஆடி மழை. உன் ஊரிலும் மழையாம், ரேஷ்மா சொன்னாள்.

புத்தி சொல்ல எனக்கு இப்போது பெரிய யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மறுபடி கோட்டில் நிற்க வாய்த்தால், பேட்டை மைதானமானாலும் பெரிய மைதானமானாலும், உன் கண் பார்த்ததை அங்கேயே சொல். உன்னைத் தூக்கிவிட்டவர் ஓடி வந்து கேட்டாலும் சொல். மரியாதையாகச் சொல்ல முடியும், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர் அறையில் வெளிறிப்போனது நீ மறுத்ததால் இல்லையே, மறுக்காததால்தானே. இன்னொன்று: அவரைப் பற்றி உன் விளக்கத்தில் ஒரு சொல்கூடக் குறையாக எழுதவில்லை என்று ரேஷ்மா சொன்னாள். அது நான் சொல்லிக் கொடுத்ததா, நீயாகக் கற்றதா தெரியவில்லை. எப்படியானாலும் அதை விட்டுவிடாதே.

இனி, தெரியாதவை. அந்தக் களநடுவர் தன் பக்கத்தை இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. திங்களுக்குள் கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள். உன்னைப் பேட்டை மைதானத்துக்குத் திருப்பி அனுப்புவதா, சில வாரம் நிறுத்தி வைப்பதா, அடுத்த வருஷத் தேசியப் பட்டியலில் உன் பெயர் இருக்குமா என்பதைக் குழு திங்களன்று பேசும். முடிவு புதன்கிழமை மாலை, அடுத்த வார ஆட்டங்களுக்கு நடுவர்களை அறிவிக்கும்போது தெரியும். உங்கள் மாலை எங்களுக்கு மத்தியானம். நான் எதை வேண்டிக்கொள்வது என்று எனக்கே இன்னும் உறுதியாகவில்லை. ஒரு நாழிகை நீ மேலே போக வேண்டும் என்று இருக்கிறது, மறு நாழிகை யாரும் பார்க்காத பேட்டை மைதானத்திலேயே நீ வெள்ளைக் கோட்டோடு பத்திரமாக இருந்தால் போதும் என்று இருக்கிறது. புதன்கிழமை மத்தியானம் உன் பெரியப்பா இங்கே சாப்பிட வருகிறார். அப்பா இருப்பார், எதிர்வீட்டு மாமியும் அநேகமாக இருப்பாள். முடிவு எதுவானாலும் உடனே கூப்பிடு. அவர்கள் எல்லோரும் போகட்டும், அப்புறம் தனியாகச் சொல்லலாம் என்று வைத்திருக்காதே. போனை நடுக்கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறேன். அத்தனை பேர் முன்னாலும் சொல்.

அம்மா